கொம்பு துறந்த சுவாமி

1987ஆம் ஆண்டில் ஒக்லன்டில் இருந்த தமிழருக்கு இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, முருங்கைக்காய் கிடையாது. மற்றது, வீட்டுச் சுவரில் பல்லி கிடையாது.

முருங்கைக்காய் இல்லாமல் வாழப் பழகிக்கொண்டார்கள். பல்லி இல்லாமல்தான் வாழ முடியவில்லை.

ஊரில் அது எவ்வளவு வசதி! ஒரு காரியத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கும்போது சுவரில் பல்லி சொன்னால் போதும். விரலால் நிலத்தில் மூன்று தரம் தட்டிவிட்டு, காரியம் முடிந்தது என்று எழுந்து போகலாம். பல்லி எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன, தலையில் விழுந்தால் என்ன என்று பஞ்சாங்கத்தில் இரண்டு பக்கம் இருக்கிறது. அந்தப் பஞ்சாங்கம் வருடா வருடம் தபாலில் ஒக்லன்டுக்கு வரும். ஆனால் பல்லி வராது. இந்த நாட்டிலும் பல்லிகள் உண்டுதான். அவை காட்டில் இருக்கின்றன. வீட்டுக்குள் வந்து எங்கள் கதையை ஒட்டுக்கேட்கும் பழக்கம் அவற்றுக்கு இல்லை.

அதனால் எந்த வீட்டை வாடகைக்கு எடுப்பது, எந்தக் காரை வாங்குவது, யாரைக் கட்டுவது என்பதையெல்லாம் ஆட்கள் தாங்களே யோசித்து முடிவுசெய்ய வேண்டி வந்தது. மனிதர் தாங்கக்கூடிய பாரமா அது?

இந்தப் பாரத்தை இறக்கி வைக்க அந்தக் குளிர்காலத்தில் ஒரு மகான் தோன்றினார். பெயர் ஏரம்பமூர்த்தி. மவுண்ட் ஆல்பர்ட்டில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய மரவீட்டில் இருந்தார். பகலில் பழைய மின்சாரச் சாமான் விற்கும் கடையில் வேலை. அவர் திடீரென்று வேலைக்கு நீண்ட லீவு போட்டார், தாடி வளர்த்தார், ஒரு செய்தியை வெளியிட்டார்.

"பல்லி சாதியின்ட மூத்த குரு எங்கட வீட்டுக்கு எழுந்தருளியிருக்கிறார். அவர் சத்தம் போட மாட்டார். நிறத்தால சொல்லுவார்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு வாசலில் நாற்பது சோடி சப்பாத்து மழையில் நனைந்துகொண்டிருந்தன. அதற்கடுத்த கிழமை எழுபது சோடி. ஹமில்ரன் நகரத்தில் இருந்துகூட ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு வான் வந்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, யாராவது செத்துப்போனார்களா என்று கவலையோடு விசாரித்தார்.

நானும் போனேன். எனக்கு எப்போதும் கதவோரம்தான் இடம். அங்கிருந்து எல்லாம் நன்றாகத் தெரியும்.

முன்னறையில் ஒரு மேசை. மேசையில் சிவப்புப் பட்டு விரித்து, பின்னாலும் பட்டுத் திரை கட்டியிருந்தது. நடுவில் பெரிய பறவைக் கூடு. கூட்டுக்குள் தொட்டியில் ஒரு செடி. செடியின் கிளையில் சுவாமி.

உண்மையைச் சொல்ல வேண்டும், சுவாமி அழகுதான். ஒரு சாண் உடம்பு. உச்சந்தலையில் சின்னக் கிரீடம் வைத்ததுபோல ஒரு மேடு. கையும் காலும், விரல்களை இரண்டு பக்கமாகப் பிரித்துத் தைத்த கம்பளிக் கையுறை மாதிரி. சுருட்டி வைத்த மணிக்கூட்டுக் கம்பிபோல வால். நல்ல நேரத்தில் இளம் பச்சை, அதில் மஞ்சள் வரி, கன்னத்தில் நீலம். கெட்ட நேரத்தில் அடிப்பிடித்த சட்டியின் நிறம்.

பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படித்தவர்கள் அதைப் பச்சோந்தி என்று சொல்லியிருக்கலாம். அந்த அறையில் விலங்கியல் படித்தவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சுவாமியின் கண்கள் தனித்தனியாகச் சுழலும். ஒன்று கூரையைப் பார்க்கும், மற்றது தலைமைப் பக்தர் சபாரத்தினத்தாரைப் பார்க்கும்.

"பாத்தீங்களோ?" என்பார் ஏரம்பமூர்த்தி. "ஒரு கண் போன பிறவியைப் பாக்குது. மற்றக் கண் வாற பிறவியைப் பாக்குது."

"இந்தப் பிறவியை?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதைத்தான் நான் பாக்கிறன்."

அது மட்டும் முழு உண்மை.

சுவாமி ஒரு அடி வைப்பதற்கு முன் முன்னும் பின்னும் மூன்று தரம் ஆடுவார். காற்றில் ஆடும் இலை என்று பருந்தை நம்பவைக்க அந்தச் சாதி கற்ற வித்தை அது. பக்தர்களோ அதை அருள் வந்து ஆடுவதாக எடுத்துக்கொண்டு தாங்களும் கூடச் சேர்ந்து ஆடினார்கள். ஒரு பொறியியலாளர், இரண்டு கணக்காளர்கள், ஒரு பல் வைத்தியர் எல்லாரும் முன்னும் பின்னும் ஆடியதை இந்தக் கண்ணால் கண்டேன்.

காணிக்கை ஒரு கேள்விக்கு ஐந்து டொலர். அத்தோடு ஒரு போத்தல் உயிருள்ள பூச்சி. குளிர்காலத்தில் ஒக்லன்டில் ஈ கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது. சபாரத்தினத்தார் நகரசபையில் பாலம் கட்டும் பொறியியலாளர். அவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கழுத்துப்பட்டியோடு குப்பைத் தொட்டிக்குப் பின்னால் பதுங்கி நின்று ஈ பிடிக்க ஜாம் போத்தலை வீசினார். மேலதிகாரி கண்டு கேட்டதற்கு, "மதச் சடங்கு" என்று சொன்னாராம். மேலதிகாரி மரியாதையோடு தொப்பியைக் கழற்றினாராம்.

இப்படி இருக்க, ஒரு கிழமை ஒரு சின்னச் சிக்கல் வந்தது. சென்னைக்காரியான ரதிதேவி ஒரு படப் புத்தகம் கொண்டுவந்தாள்.

"ஐயா, இதுல இருக்கிற படத்துக்கு மூக்குக்கு மேல மூணு கொம்பு இருக்குதுங்களே. நம்ம சுவாமிக்கு ஒண்ணுகூட இல்லையே?"

எல்லாரும் மூடிய கண்ணைத் திறந்தார்கள். ஏரம்பமூர்த்தி புன்னகைத்தார்.

"பிள்ளை, படத்தில இருக்கிறவை சம்சாரியள். எங்கட சுவாமி நித்திய பிரம்மச்சாரி. கொம்பையே துறந்தவர்."

"ஆமா, துறவின்னா அப்படித்தானே!" என்று ரதிதேவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மனைவியைத் துறந்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். மூக்கில் முளைத்ததைத் துறந்தவரை அன்றுதான் கண்டோம். காணிக்கை இரட்டிப்பானது.

இனி செல்வநாயகியின் கதைக்கு வருவோம்.

செல்வநாயகி ஒனிஹங்காவில் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடைக்கிறவள். முப்பத்தைந்து வயது. அவளுக்கு ஒரே தம்பி, மகேசன், பத்தொன்பது வயது. கொழும்பில் ஒரு லொட்ஜில் ஒளிந்துகொண்டு, வீதியில் பூட்ஸ் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டிருந்தான். அவனை இங்கே கூப்பிடுவதற்கான விண்ணப்பத்தை அவள் எட்டு மாதமாக ஓடித் திரிந்து நிரப்பி முடித்திருந்தாள். குடிவரவு அலுவலகம் கடிதம் போட்டிருந்தது: ஜூலை முப்பத்தோராம் திகதி, வெள்ளிக்கிழமை, மாலை நாலரைக்குள் எல்லாப் பத்திரங்களும் வந்து சேர வேண்டும், தவறினால் கோப்பு மூடப்படும்.

பத்திரங்கள் எல்லாம் தயார். கடித உறையும் ஒட்டியாயிற்று. போய்க் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. நல்ல காரியமாயிற்றே, ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுப்போம் என்று ஜூலை பதினேழாம் திகதி சுவாமியிடம் போனாள்.

உறையைக் கூட்டுக்குக் கீழே வைத்தாள். இந்த நாட்டில் ஜூலைதான் குளிர்காலம்; அன்று நல்ல குளிர். அந்த மரவீட்டில் மூச்சு விட்டால் புகை தெரியும். சுவாமி அடிப்பிடித்த சட்டி நிறத்தில் இருந்தார். உடம்பைப் பப்படம்போலத் தட்டையாக்கி ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"ஐயோ, தங்கச்சி!" என்றார் ஏரம்பமூர்த்தி. "கறுப்பு. அதோட முகத்தையும் திருப்பிப் போட்டார். இண்டைக்கு ஆடி பிறந்திட்டுது. ஆடியில இந்தக் கடிதம் வீட்டை விட்டு வெளிய போனால் தம்பியின்ட உயிருக்குக் கூடாது."

செல்வநாயகி உறையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "என்ன செய்யிறது, ஐயா?"

"ஆடி வெள்ளி அஞ்சு இருக்கு. அஞ்சுக்கும் பரிகாரம் செய்வம். அஞ்சாம் வெள்ளி சுவாமி பச்சை காட்டுவார். அண்டைக்குக் குடுங்கோ."

"அஞ்சாம் வெள்ளி எண்டால் ஓகஸ்ட் பதினாலு, ஐயா. அவை முப்பத்தோராம் திகதி எண்டு எழுதியிருக்கினம்."

"வெள்ளைக்காரன்ட திகதி சுவாமிக்குத் தெரியாது, பிள்ளை."

இது எல்லாருக்கும் நடப்பதுதான். முதல் தரம் போனால் கறுப்பு. பரிகாரம் செய்து பல கிழமை போனால் பச்சை. அந்தக் கடைசி நாளில் ஏரம்பமூர்த்தி பலகையில் சம்மணம் கட்டி உட்கார்ந்து ஒரு நீண்ட பதிகம் பாடுவார். பாடப் பாட, பட்டுத் திரைக்குப் பின்னால் செக்கச்செவேலென்று அருளொளி எழும்பும். பதிகம் முடிய சுவாமி பச்சையாகியிருப்பார். முதல் நாளே பச்சை காட்டிய வரலாறு இல்லை. கடவுள் கடைக்காரர் மாதிரி, வாடிக்கையாளரை ஒரு தரத்தோடு விட மாட்டார்.

செல்வநாயகி ஒரு வீட்டை அன்ரனீற்றாவோடு சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தாள். அன்ரனீற்றா மன்னாரில் இருந்து வந்த கத்தோலிக்கப் பெண். ஆல்பனியில் தக்காளி வளர்க்கும் ஒரு கண்ணாடிக் கூடத்தில் வேலை. அவளுடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு தெர்மோமீற்றர் இருக்கும். சூடு கூடினால் கண்ணாடிக் கதவைத் திறப்பாள், குறைந்தால் மூடுவாள். அவளுடைய உத்தியோகமே அதுதான்.

இரண்டாம் வெள்ளியும் கறுப்பு என்று செல்வநாயகி அழுதுகொண்டு வந்தபோது, அன்ரனீற்றா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் பேப்பரை நான் கொண்டுபோய்க் குடுக்கட்டே?"

"தொடாத! தம்பியின்ட உயிர்!"

"தம்பியின்ட உயிருக்குத்தான் சொல்லுறன். அந்த ஓணானுக்குக் கொழும்பு எங்க இருக்குதெண்டு தெரியுமே?"

"நீங்கள் வேதக்காரர். உங்களுக்கு எங்கட சுவாமி விளங்காது."

"எங்கட ஆக்கள் மட்டும் திறமோ? பீற்றர் அண்ணை அந்தோனியார் படத்தைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு உங்கட சுவாமிக்கு முன்வரிசையில நிண்டவராம். ரண்டு பக்கமும் சீற் புக் பண்ணி வைச்சிருக்கிறார்."

செல்வநாயகி சிரிக்கவில்லை. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்ரனீற்றா கத்தியைக் கழுவி வைத்தாள். அடுத்த நாள் நூலகத்துக்குப் போனாள். அதற்கடுத்த நாள் மவுண்ட் ஆல்பர்ட்டுக்குப் போய், வாழ்க்கையில் முதல் தரமாகச் சுவாமி தரிசனம் செய்தாள். எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டபோது அவள் கண்ணைத் திறந்துகொண்டு கும்பிட்டாள். கூப்பிய கைக்குள் தெர்மோமீற்றர் இருந்தது.

ஜூலை முப்பத்தோராம் திகதி வந்தது. மூன்றாம் ஆடி வெள்ளி. அன்று ஒக்லன்டின் பல அலுவலகங்களில் பல தமிழருக்கு ஒரே நேரத்தில் காய்ச்சல் கண்டது. காய்ச்சல்காரர் எல்லாரும் மூன்று மணிக்கு மவுண்ட் ஆல்பர்ட்டில் கூடினார்கள்.

செல்வநாயகி காலை வேலை முடிந்து நேரே வந்திருந்தாள். உறையைக் கூட்டுக்குக் கீழே வைத்துவிட்டு, சுவர் மணிக்கூட்டையும் சுவாமியையும் மாறி மாறிப் பார்த்தாள். சுவாமி கறுப்பு.

அப்போது அன்ரனீற்றா உள்ளே வந்தாள். தோளில் ஒரு பெரிய பை.

"ஐயா, நான் சுவாமியை ஒருக்காச் சோதிச்சுப் பாக்கலாமோ?"

அறையே கொதித்தது. "சோதிக்கிறதோ?" "ஆர் இவள்?" "தக்காளிக்காரி!"

ஏரம்பமூர்த்தி சாந்தமாகச் சொன்னார்: "தெய்வத்தைச் சோதிக்கக் கூடாது, பிள்ளை. தெய்வம்தான் எங்களைச் சோதிக்கும்."

அத்தோடு அது முடிந்திருக்கும். முடியாமல் செய்தவர் எதிரி அல்ல, தலைமைப் பக்தர் சபாரத்தினத்தார். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழும்பினார்.

"ஐயா, விடுங்கோ, சோதிக்கட்டும்! நான் சயன்ஸ் படிச்சவன். உண்மையான தங்கத்துக்கு உரைகல்லில என்ன பயம்?"

"இல்லை, சபாரத்தினம், அது..."

"பயப்பிடாதேங்கோ, ஐயா. சுவாமி ஆர் எண்டு இவைக்குக் காட்டுவம்!"

கூட்டம் கைதட்டியது. ஏரம்பமூர்த்தியின் தாடி மட்டும் கொஞ்சம் வாடியது.

"சுவாமியை மேசையில இருந்து இறக்கி, அந்த ஜன்னலோரம் இருக்கிற ஸ்டூலில வைக்க வேணும்," என்றாள் அன்ரனீற்றா.

"ஆசனம் மாறக் கூடாது!" என்று ஏரம்பமூர்த்தி கத்தியேவிட்டார்.

"ஐயா," என்றார் சபாரத்தினத்தார், "சுவாமி அண்டசராசரம் முழுக்க நிறைஞ்சிருக்கிறார் எண்டு போன கிழமை நீங்கள்தானே சொன்னீங்கள்? அந்த ஸ்டூலும் அதுக்குள்ளதானே வரும்?" சொல்லிக்கொண்டே கூட்டை அவரே தூக்கிக்கொண்டு போய் ஸ்டூலில் வைத்துவிட்டார். நல்ல பக்தனைவிட ஒரு மோசடிக்காரனுக்கு ஆபத்து வேறில்லை.

அன்ரனீற்றா பையில் இருந்து இரண்டு சாமான்களை எடுத்து எல்லாருக்கும் உயர்த்திக் காட்டினாள். ஒன்று, படுக்கையில் வைக்கும் றப்பர் சுடுதண்ணிப் பை. மற்றது, கடையில் வாங்கிய உறைந்த பட்டாணிப் பொதி.

"ஒளிச்சு மறைச்சு ஒண்டும் இல்லை. இது சூடு, இது குளிர். சுடுதண்ணிப் பையை வைச்சால் சுவாமி ஓம் எண்டுவார். பட்டாணியை வைச்சால் இல்லை எண்டுவார். கேள்வி என்ன எண்டு எனக்குத் தெரியத் தேவையில்லை. சபாரத்தினம் அண்ணையே கேக்கட்டும்."

"கேக்கிறன்!" என்றார் சபாரத்தினத்தார். சமையலறையில் இருந்து குணவதி கேத்திலைக் கொண்டுவந்து பையை நிரப்பிக் கொடுத்தாள். குணவதி, ஏரம்பமூர்த்தியின் மனைவி. மூன்று மாதமாகக் குளிர்சாதனப் பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் பூச்சிப் போத்தல் வைத்துக் குடும்பம் நடத்திய பொறுமைசாலி.

சுடுதண்ணிப் பை கூட்டோடு சாய்த்து வைக்கப்பட்டது. சபாரத்தினத்தார் கைகூப்பிக் கேட்டார்.

"சுவாமி, இப்ப இந்த அறைக்குள்ள ஒரு யானை நிக்குதோ?"

சுவாமி ஒரு கண்ணால் பையைப் பார்த்தார். மெல்ல நகர்ந்து, தட்டையான உடம்பைச் சூட்டுப் பக்கம் திருப்பினார். ஒரு நிமிடம் போனது. ஐந்து போனது. முதுகில் ஒரு பச்சைப் புள்ளி வந்தது. பிறகு வயிறு, பிறகு வால். பத்தாவது நிமிடம் சுவாமி வாழைக்குருத்துப்போலப் பளபளவென்று இருந்தார். கன்னத்தில் நீலம், விலாவில் மஞ்சள். இவ்வளவு உறுதியான 'ஓம்' இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை.

பீற்றர் அண்ணை மெல்ல எழும்பி, சோபாவுக்குப் பின்னால் யானை நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"அடுத்த கேள்வி," என்றாள் அன்ரனீற்றா. பையை எடுத்துவிட்டுப் பட்டாணியை வைத்தாள்.

சபாரத்தினத்தாரின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "சுவாமி... நான் சபாரத்தினமோ?"

சுவாமி சுருங்கினார். பச்சை மங்கியது. சாம்பல் வந்தது. பிறகு கறுப்பு.

சபாரத்தினத்தார் காற்சட்டைப் பையில் இருந்து வாகன அனுமதிப்பத்திரத்தை எடுத்து, தன் பெயரை ஒரு தரம் வாசித்துப் பார்த்தார்.

"பாவம், குளிருது," என்று அன்ரனீற்றா பட்டாணியை உடனே எடுத்துவிட்டுச் சுடுதண்ணிப் பையைத் திரும்ப வைத்தாள். "கேட்டீங்களோ? அறைக்குள்ள யானை இருக்காம். சபாரத்தினம் அண்ணைதான் இல்லையாம்."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அது யார் என்று நான் எழுதப்போவதில்லை.

"இந்தச் சாதி மலையில சீவிக்கிறது," என்றாள் அன்ரனீற்றா. "ஏழாயிரம் அடி உயரம். ராவில சரியான குளிர். விடிய எழும்பினதும் கறுத்து, தட்டையாகி, வெயில் பக்கம் திரும்பும். கறுப்பு, வெயிலை நல்லா உறிஞ்சும். உடம்பு சூடேறினால் பச்சை. பயந்தாலும் நிறம் மாறும், சண்டைக்கு வந்தாலும் மாறும். உங்கட விசாவுக்கு மாறாது. நான் தக்காளிக்குச் செய்யிற வேலையைத்தான் இவர் தனக்குத் தானே செய்யிறார்."

"அப்ப அருளொளி?" என்று ரதிதேவி கேட்டாள். "பாடும்போது பின்னாடி வருமே, நாங்க எல்லாரும் பார்த்தோமே?"

அன்ரனீற்றா போய்ப் பட்டுத் திரையைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தாள். பின்னால் ஒரு பெரிய சிவப்பு விளக்கு தொங்கியது. பண்ணைகளில் கோழிக்குஞ்சுகள் குளிரில் சாகாமல் இருக்கத் தொங்கவிடுவார்களே, அந்த வெப்ப விளக்கு. பட்டின் ஓரம் கருகியிருந்தது.

"அது... சுவாமிக்குக் குளிருமெண்டு மனிதாபிமானத்தில போட்டது," என்றார் ஏரம்பமூர்த்தி.

விளக்கில் இருந்து ஒரு வயர் இறங்கியது. கம்பளத்துக்குக் கீழால் ஓடியது. ஏரம்பமூர்த்தி சம்மணம் கட்டும் பலகைக்குக் கீழே போய் மறைந்தது. அன்ரனீற்றா பலகையை நிமிர்த்தினாள். அங்கே காலால் அழுத்தும் ஒரு கறுப்புப் பெடல் கிடந்தது. பலகையோடு சேர்த்து அழுத்த அழுத்த விளக்கு கூடும், விட விடக் குறையும்.

அந்த நேரம் சமையலறை வாசலில் இருந்து ஒரு அலறல் கேட்டது.

"என்ட தையல் மெசின் பெடல்!"

குணவதி கேத்திலோடு பாய்ந்து வந்தாள். "மூண்டு மாசம்! மூண்டு மாசமாத் தேடுறன்! எலி தூக்கிக்கொண்டு போட்டுது எண்டெல்லோ சொன்னீங்கள்! பெடலைத் தூக்கிற எலி எந்த நாட்டில இருக்கு? மொம்பாசாக் கப்பல்காரனிட்ட பத்து டொலருக்கு ஓணானை வாங்கினதுமல்லாமல்..."

"குணவதி, உள்ள போ!"

"போக மாட்டன்! முதல்ல பெடலைத் தாங்கோ!"

பொதிகை மலையில் இருந்து ஆகாய மார்க்கமாக வந்ததாகச் சொன்ன சுவாமி, மொம்பாசாவில் இருந்து கப்பலில் வந்தது இப்படித்தான் வெளியானது.

இதற்குப் பிறகாவது கூட்டம் திருந்தியிருக்கும் என்று நினைப்பீர்கள். எங்கள் ஆட்களை உங்களுக்குத் தெரியாது.

"விளக்கு பொய்யா இருக்கலாங்க," என்றாள் ரதிதேவி கண் கலங்கி. "ஆனா சுவாமி பொய்யில்லையே? கொம்பைத் துறந்த பிரம்மச்சாரி ஆச்சே?"

"ஓம், ஓம்!" என்று பத்துக் குரல்கள் எழுந்தன. நாலைந்து கைகள் மறுபடியும் கூப்பின. ஏரம்பமூர்த்தியின் முகத்தில் உயிர் வந்தது. "நல்லாச் சொன்னாய், பிள்ளை! நான் பாவியாக இருக்கலாம். ஆனால் அவர்..."

அந்த 'அவர்' கூட்டுக்குள் வாலை உயர்த்தினார். ஒரு சின்ன, பிசுபிசுப்பான பொட்டலம் தொட்டிக்குள் விழுந்தது. பொட்டலம் நெளிந்தது. உடைந்தது. அதற்குள் இருந்து விரல் நகம் அகலமுள்ள ஒரு குட்டிச் சுவாமி எழும்பி, கையுறைக் கையை நீட்டி, முன்னும் பின்னும் ஆடிவிட்டு நடக்கத் தொடங்கியது.

பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது.

"மற்றப் பச்சோந்தியள் மண்ணில முட்டை இடும்," என்றாள் அன்ரனீற்றா. "உயர மலையில மண் குளிர். முட்டை பொரிக்காது. அதால இந்தச் சாதித் தாய், குஞ்சு வளருற மட்டும் வயித்துக்குள்ள வைச்சுக்கொண்டு, வெயிலைத் தேடித் தேடிக் காயும். ஆறேழு மாசம். கொம்பு ஆம்பிளைக்குத்தான். இவ துறக்க இல்லை. இவவுக்கு முளைக்கவே இல்லை."

பதினேழாவது குட்டி விழுந்தபோது முதலில் வாய்விட்டுச் சிரித்தது செல்வநாயகி. நித்திய பிரம்மச்சாரி பதினெட்டாவதைப் பெற்றபோது பீற்றர் அண்ணை தரையில் உட்கார்ந்துவிட்டார். ஏரம்பமூர்த்தி பின்கதவைப் பார்த்து நழுவினார். அங்கே குணவதி கேத்திலோடு நின்றாள். திரும்பி வந்து அடக்கமாகத் தன் பலகையில் உட்கார்ந்துகொண்டார்.

சுவர் மணிக்கூட்டில் நாலு மணி.

செல்வநாயகியின் சிரிப்பு நின்றது. அவள் எழும்பி மேசைக்குப் போனாள். பரபரப்பில் யாரோ உறையை எடுத்து ஸ்டூலில் கூட்டோடு சாய்த்து வைத்திருந்தார்கள். கம்பிக்குள்ளால் நழுவிய ஒரு குட்டி அந்த உறையின் மேல் ஏறி, மகேசனின் பெயருக்கு நேரே, நாலு காலையும் ஊன்றி நின்றது. கரிக்கட்டை நிறம்.

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று அடங்கியது. பழக்கம் பொல்லாதது.

"அக்கா," என்றாள் ரதிதேவி மெல்ல. "அது கறுப்பா இருக்கே. அதுவும் தம்பி பேரு மேலேயே..."

செல்வநாயகி அந்தக் குட்டியைப் பார்த்தாள். பதினைந்து நாள் அவள் சாப்பிடாமல், நித்திரை கொள்ளாமல் பயந்த கறுப்பு அது. அவள் அன்ரனீற்றாவைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. குனிந்து, இரண்டு விரலால் குட்டியைத் தூக்கி, உள்ளங்கையில் வைத்து வாயால் ஊதிச் சூடாக்கினாள்.

"இப்ப பிறந்த பிள்ளை," என்றாள். "குளிரும்தானே."

குட்டியைக் கூட்டுக்குள் விட்டாள். உறையை எடுத்தாள்.

"ஆரிட்டக் கார் இருக்கு?"

அறையில் எல்லாரிடமும் கார் இருந்தது. ஆனால் சபாரத்தினத்தார்தான் முதலில் பையில் இருந்து கார்த் திறப்பை எடுத்தார். பாலம் கட்டுகிறவர், அன்று மவுண்ட் ஆல்பர்ட்டில் இருந்து நகர மத்திக்கு எப்படி ஓட்டினார் என்று நகரசபைக்குத் தெரியாமல் இருப்பது நல்லது. நாலு இருபத்தாறுக்குச் செல்வநாயகி குடிவரவு அலுவலகத்தின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்றாள். அங்கே இருந்த பெண் உறையை வாங்கித் திகதி முத்திரை குத்தினாள். அவள் எந்த நிறச் சட்டை போட்டிருந்தாள் என்று பிறகு நாலு பேர் கேட்டார்கள். செல்வநாயகி கவனிக்கவில்லையாம்.

வேளாண்மை அதிகாரிகள் வந்து தாயையும் இருபத்திரண்டு குட்டிகளையும் கண்ணும் கருத்துமாக எடுத்துப்போனார்கள். மிருகக்காட்சிசாலையில் சூடான கண்ணாடி அறையில் அவை சௌக்கியமாக இருப்பதாகக் கேள்வி. அங்கே ஈயும் இலவசம். ஏரம்பமூர்த்தி தாடியை எடுத்துவிட்டுப் பழைய கடைக்குத் திரும்பிப் போனார். ஹீற்றர் விற்பதில் அவரை வெல்ல ஆள் இல்லையாம். குணவதி அந்தப் பெடலால் எனக்கே இரண்டு பாவாடை தைத்துத் தந்தாள்.

மகேசன் டிசம்பரில் வந்து இறங்கினான். நல்ல கோடை வெயிலில், கொழும்பில் யாரோ சொன்னதைக் கேட்டு, மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தான். விமான நிலையத்தில் வியர்த்து, முகம் சிவந்து, பிறகு வெளுத்து நின்றான்.

"நிறம் மாறுறான்," என்றாள் அன்ரனீற்றா. "ஸ்வெட்டரைக் கழட்டுங்கோடி."

போன கிழமை ஒரு செய்தி கேள்விப்பட்டேன். தெற்கு ஒக்லன்டில் ஒரு வீட்டில் குளியலறைக் கண்ணாடி தானாக வியர்க்கிறதாம். வியர்வையில் எழுத்துகள் தெரிகின்றனவாம். ஏற்கெனவே வாசலில் முப்பது சோடி சப்பாத்து. சபாரத்தினத்தார், தான் சயன்ஸ் படித்தவர் என்பதால், நேரில் பார்த்து ஆராயப் போயிருக்கிறாராம்.

போகிறவர்கள் போங்கள். விழுந்து கும்பிடுகிறவர்கள் கும்பிடுங்கள். உங்கள் முதுகு, உங்கள் முழங்கால். ஒன்றே ஒன்று: குனிந்ததுதான் குனிந்தீர்கள், அப்படியே மேசைக்குக் கீழேயும் ஒரு தரம் பார்த்துவிட்டு எழும்புங்கள்.